சோழகத்துக்கு நாலு விரல்

மடுத்தீன் அண்ணர் காலமான செய்தி வந்தபோது நான் சைக்கிள் ரயருக்குள் வைக்கோல் அடைத்துக்கொண்டிருந்தேன். ரியூப் கிடைக்காத காலத்தில் பழகின வேலை அது. இப்போது கிடைக்கிறது என்கிறார்கள். என் சைக்கிள் இன்னும் வைக்கோலில்தான் ஓடுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் படலைக்கு வெளியே நின்றபடியே, "கந்தையா அண்ணை, மடுத்தீன் அண்ணை விடியப் போயிட்டார்" என்றார். எங்கே போனார் என்று கேட்கத்தான் எனக்கு முதலில் வாய் வந்தது. மூன்று நாள் காய்ச்சல். மலேரியா என்றார்கள், மருந்து வருகிறது என்றார்கள். மருந்துக்கு முன் அவர் போய்விட்டார். இன்றைக்கு என்ன நாள் என்று வந்தவரைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றார். அதைக் கேட்டதும் வைக்கோலைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்திவிட்டேன்.

ஏன் அப்படிக் குந்தினேன் என்று சொல்லத்தான் இந்தக் கதை. அடக்கத்தன்று வேதக்கோயில் சுவாமி என்னைக் கூப்பிட்டு, பக்கத்துக் காணிக்காரர் நீங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கோ என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டுப் பின்னுக்குப் போய் நின்றுகொண்டேன். இப்போது முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். அதற்கு நான் வாயால் சொல்லிக் கொடுக்கிறேன். எழுத்து எனக்கு வராது. கதை வரும், ஆனால் நேரே வராது, சுற்றித்தான் வரும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவரைத் தெரியாதவர்களுக்கு முதலில் ஆளைச் சொல்லுகிறேன். நெடிய ஆள். முன்பல் ஒன்று பாதிதான் இருக்கும். கொக்கிளாயில் பிறந்து, களப்பிலும் கடலிலும் தொழில் செய்தவர். சண்டையால் அங்கிருந்து எழும்பி முல்லைத்தீவுக் கரைக்கு வந்து, அங்கேயிருந்தும் எழும்பி, கடைசியில் முள்ளியவளைப் பக்கம் ஒரு தென்னங்காணியில் கொட்டில் போட்டார். மனைவி திரேசம்மா அதற்கு முதலே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. நான் முரசுமோட்டையில் வயல் செய்தவன். நானும் அதே நாட்களில் எழும்பி வந்து அவருடைய கொட்டிலுக்குப் பக்கத்தில் என் கொட்டிலைப் போட்டேன். இரண்டு கொட்டிலுக்கும் நடுவில் வேலி போட எங்கள் இரண்டு பேரிடமும் தடி இருக்கவில்லை. பிறகு தடி கிடைத்தபோது போட மனம் வரவில்லை.

நான் அவரை முதன்முதலில் கண்டபோது அவர் தன் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு சைக்கிள். அதன் கரியரில் பாய், போர்வை, கிழிந்த பாய்மரத் துணி என்று சுற்றிச்சுற்றிக் கட்டிய ஒரு பெட்டி. சட்டி பானைகூட இல்லை. இந்த மனிசன் எதைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். அது ஒரு சின்ன ரீவிப் பெட்டி, கறுப்பு வெள்ளை, பற்றரியில் ஓடுவது.

அந்தப் பெட்டி அவருடையது இல்லை. அனீபா நானா என்று ஒரு வியாபாரி முல்லைத்தீவில் அவருக்கு அயல். தொண்ணூறில் முஸ்லிம் ஆட்களை எல்லாம் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, கையில் கொண்டுபோகக்கூடியதை எடுத்துக்கொண்டு நானாவின் குடும்பமும் வெளிக்கிட்டது. பெட்டியைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று தெரிந்து, அதை மடுத்தீன் அண்ணரின் வாசலில் வைத்திருக்கிறார். "அண்ணே, நான் வந்து எடுக்கிற வரைக்கும் பாவிச்சுக்கொண்டிருங்க. சும்மா மூடி வச்சாப் பூச்சி அடிச்சிரும்" என்றாராம். அண்ணர் அதை என்னிடம் பத்துத் தரமாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தரமும் சொல்லி முடித்துவிட்டு, அன்று அந்த மனிசனுக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்காமல் விட்டதைச் சொல்லுவார். அடுப்பு மூட்ட நேரம் இருக்கவில்லையாம்.

பெட்டி வந்ததே தவிர அதற்கு அன்ரனா இல்லை. அண்ணரே செய்தார். பழைய அலுமினியக் குழாய்களை வெட்டி ஏணிப்படி மாதிரி வரிசையாகக் கட்டினார். கம்பத்துக்கு நீட்டுக் கமுகு. கமுகின் அடி, நிலத்தில் புதைத்த ஒரு இரும்புக் குழாய்க்குள் நிற்கும். மேலே வளையம் போட்டு, வலைக் கயிற்றால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டு. இடுப்பளவு உயரத்தில் ஒரு குறுக்குத்தடி. அதைப் பிடித்துத் திருப்பினால் மேலே அன்ரனா திரும்பும். படகில் பாய்மரம் நாட்டுகிறவர் செய்த வேலை. எந்தக் காற்றுக்கும் அது விழுந்ததில்லை. பிளேன் சத்தம் கேட்டால் மட்டும் நாங்களே அதைச் சரித்துவிட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடுவோம். தட்டை வயரின் தோலைப் பல்லால்தான் உரிப்பார். அந்தப் பாதிப் பல்லுக்கு அதுதான் காரணம். உரித்த நுனி இரண்டையும் பெட்டியின் பின்பக்கத்து இரண்டு ஆணிகளிலும் ஒவ்வொன்றாகச் சுற்றி இறுக்குவார். "ரெண்டும் ஒண்டையொண்டு தொடப்படாது, கந்தையர். தொட்டாப் படம் செத்திடும்" என்பார். நடுவில் பழைய செருப்பு றப்பர்த் துண்டு ஒன்றை வைப்பார்.

அவர் திசை சொல்லும் விதத்தைச் சொல்ல வேண்டும். கிழக்கு மேற்கு என்று அவர் வாயில் வராது. காற்றுப் பேரில்தான் எல்லாம். இந்தியாப் படம் வேண்டுமென்றால் கம்பத்தைக் கச்சானுக்கு, அதாவது மேற்கே, திருப்ப வேண்டும். கொழும்புப் படம் வேண்டுமென்றால் சோழகத்துக்கு, தெற்கே. எவ்வளவு என்பது விரல் கணக்கு. குறுக்குத்தடியின் நுனி எத்தனை விரல் நகர்கிறது என்பது. கம்பத்தடியில் அவர் நிற்பார், அங்கிருந்து பெட்டி தெரியாது. பெட்டியின் முன்னால் யாராவது இருப்பார்கள். கொட்டில் வாசலில் நான். நான் படத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தால் அவர் திருப்புவார். எனக்கு இந்தக் காற்றுக் கணக்குப் பிடிபட ஒரு வருசம் ஆனது. ஒருநாள் சோழகம் என்பதற்கு நேர் எதிராக, வடக்கு வாடை என்று கத்திவிட்டேன். அவர் கம்பத்தை விட்டுவிட்டு உள்ளே வந்து, "வயல்காரருக்கு வரம்புதான் திசை. பாவம், அவரை ஆரும் ஏசாதையுங்கோ" என்றார். அங்கே படம் பார்க்க வந்திருந்த முப்பது பேரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. புள்ளியும் கோடுமாக எவ்வளவு இரைச்சல் இருந்தாலும், அதற்குள் ஒரு மனித முகம் தெரிந்துவிட்டால் கம்பத்தில் கை வைக்கக்கூடாது. "முகம் தெரிஞ்சாப் போதும். அதை இன்னும் வடிவாத் துலக்கிப் பாக்க வெளிக்கிட்டா உள்ளதும் போம்" என்பார். கடலில் பட்ட அறிவு என்று நினைக்கிறேன். இந்தச் சட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

இனி யோசப்புவின் கதை. யோசப்பு அண்ணரின் படகில் தொழிலுக்குப் போனவர். முப்பது வயது. சின்ன வயதில் ஒரு காது பழுதாகி, மற்றக் காதால் கேட்பதற்குக் கழுத்தை ஒரு பக்கம் சரித்துக்கொண்டுதான் நிற்பார். எட்ட நின்று பார்த்தாலே ஆள் தெரியும். மனைவி செலின். நாங்கள் அந்தக் காணிக்கு வந்து ஒரு வருசம் இருக்கும். அண்ணருக்கு உடம்பு சரியில்லாத ஒருநாள், அவருடைய படகை எடுத்துக்கொண்டு யோசப்பு தனியக் கடலுக்குப் போனார். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. நேவி பிடித்தது என்றார்கள் சிலர். சுட்டது என்றார்கள் சிலர். காற்றில் கவிழ்ந்தது என்றார்கள் சிலர். செலின் எல்லாரிடமும் கேட்டார், எல்லாரும் ஒவ்வொன்று சொன்னார்கள்.

நான் சைவக்காரன், எனக்கு அவர்களுடைய முறைகள் தெரியாது. செத்தவர்களின் நாள் என்று கார்த்திகை மாதத்தில் அவர்களுக்கு ஒன்று வரும். அன்று சேமக்காலைக்குப் போய்த் தங்கள் ஆட்களின் புதைகுழிகளில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். புதைகுழி இல்லாதவர்கள் நடுவில் உள்ள சிலுவையடியில் கொளுத்துவார்கள். அந்த முதல் வருசம் செலின் ஒரு மெழுகுதிரியோடு சேமக்காலைப் படலைமட்டும் வந்து, உள்ளே போகாமல் நின்றார். கொளுத்தினால் யோசப்பு செத்தவர். கொளுத்தாமல் விட்டால், ஒருவேளை செத்திருந்தால், மற்ற ஆத்துமாக்களுக்கெல்லாம் வெளிச்சம் இருக்க யோசப்பு ஒருவர் இருட்டில். எல்லாரும் திரும்பி வரும்வரை நின்றுவிட்டு மெழுகுதிரியைச் சீலைக்குள் மறைத்துக்கொண்டு போனார். சுவாமி பூசை வைக்கிறேன் என்று கேட்டபோது, எந்தப் பூசை சுவாமி, உயிரோட இருக்கிறவைக்கோ இல்லாதவைக்கோ என்று செலின் கேட்டாராம்.

அதற்குப் பிறகுதான் அனீபா நானாவின் கடிதம் வந்தது. வவுனியாவிலிருந்து பாஸ் எடுத்து வந்த ஒரு அம்மா சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தார். நானா புத்தளத்தில் ஒரு முகாமில் இருந்தார். அண்ணருக்கும் எனக்கும் வாசிக்கத் தெரியாது. செலினைத்தான் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். அது எவ்வளவு பெரிய பிழை என்று பாதிக் கடிதத்தில்தான் தெரிந்தது. பெட்டி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தொடங்கி, வெள்ளிக்கிழமைகளில் பின்னேரச் செய்திக்குப் பிறகு கொழும்பு ரீவியில், கடலில் பிடிபட்டுத் தடுப்பில் உள்ளவர்களை நிரையாக நிறுத்திக் காட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தார். அதில் ஒருவர் கழுத்தைச் சரித்துக்கொண்டு நின்றார், உங்கள் படகில் வரும் தம்பி மாதிரி இருந்தது, சத்தியம் பண்ணமாட்டேன், நீங்களே பாருங்கள் என்று முடித்திருந்தார். செலின் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு கடிதத்தை மடித்து அண்ணரிடம் கொடுத்துவிட்டு, "அண்ணை, உங்கட கம்பம் கொழும்புக்கு எட்டுமே?" என்று கேட்டார்.

எட்டும் என்றார் அண்ணர். எட்டாது என்று அவருக்குத் தெரியும். மழைக்குப் பிறகு வானம் துப்புரவாக இருக்கிற நாட்களில் மட்டும், அதுவும் இரைச்சலுக்குள்தான், கொழும்பு வரும். கமுகோடு இன்னொரு கமுகை ஒட்டிக் கட்டிக் கம்பத்தை உயர்த்தினார். மிசின் வைத்திருந்த ஒருவரிடம் அவருடைய உழவு மிசின் பற்றரியைக் கேட்டு வாங்கி, அதைச் சைக்கிளில் உருட்டிக்கொண்டு வந்தோம். முதல் வெள்ளிக்கிழமை மழை, ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வெள்ளி காலையிலேயே வானம் வெளித்துவிட்டது.

அன்று பின்னேரம் படம் பார்க்கும் கூட்டம் வரவில்லை. அண்ணர் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெட்டிக்கு முன்னால் செலினும் யோசப்புவின் தாயாரும் பாயில் இருந்தார்கள். அண்ணர் வயர் நுனிகளை உரித்து, ஆணிகளில் சுற்றி, றப்பரை நடுவில் வைத்து, ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கம்பத்தடிக்குப் போனார். நான் வாசலில். செய்தி போய்க்கொண்டிருந்தது, சத்தம் இல்லை, இரைச்சல்தான். சோழகத்துக்கு இரண்டு விரல் என்றேன், பிறகு ஒரு விரல் என்றேன். படம் வந்தது. மழைக்குள்ளால் பார்ப்பது போல இருந்தது. ஒரு சுவர். சுவரோடு ஆட்கள் நிரையாக நிற்கிறார்கள். ஐந்து பேரோ ஆறு பேரோ. செலின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பெட்டிக்குக் கிட்டப் போனார்.

அந்த நேரம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வடிவாகத் தெரியட்டும் என்று நினைத்தேன். நல்லதுக்குத்தான் நினைத்தேன். "சோழகத்துக்கு இன்னும் நாலு விரல்" என்று குரல் கொடுத்தேன்.

அண்ணர் என்னை நம்பித் திருப்பினார். படம் போய்விட்டது. வெறும் புள்ளி. திருப்பி வை, திருப்பி வை என்று நான் கத்த, அவர் நாலு விரலைத் திரும்ப எடுத்தார், வரவில்லை. ஒரு விரல் அங்கே, அரை விரல் இங்கே என்று அலைந்து மறுபடி படம் வந்தபோது, விளம்பரத்தில் ஒரு பெண் சவர்க்காரக் கட்டியைக் கையில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

செலின் அழவில்லை. மூன்றாவதாக நின்றவர் கழுத்தைச் சரித்த மாதிரித்தான் இருந்தது என்றார். மாதிரித்தான் என்று இன்னொரு தரம் சொன்னார். யோசப்புவின் தாயார் எழும்பி வெளியே வந்து, ஆர் திருப்பினது என்று கேட்டார். நான் வாசலில்தான் நின்றேன். என் வாய் திறக்கவில்லை. அண்ணர் குறுக்குத்தடியிலிருந்து கையை எடுக்காமல், "நான்தான் திருப்பினனான்" என்றார்.

பொய்யில்லை. திருப்பியது அவர்தான். அந்த அம்மா அவரைப் பேசாத பேச்சில்லை. "படகையும் குடுத்து ஆளை அனுப்பினாய். முகத்தையும் திருப்பி அனுப்பிப்போட்டாய்" என்றார். அண்ணர் தலை குனிந்துகொண்டு நின்றார். அவர்கள் போன பிறகு நான் கிட்டப் போனேன். நான் சொல்லுகிறேன் அண்ணை, நாளைக்குப் போய்ச் சொல்லுகிறேன் என்றேன். "விடும் கந்தையர். கம்பத்தைப் பிடிச்சது என்ர கை. சனம் ரெண்டு பேரை நோகிறதிலும் பாக்க ஒராளை நோகட்டும்" என்றார். விட்டுவிட்டேன். மறுநாள் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாளும் சொல்லவில்லை. பிறகு அது சொல்லாமல் விட்ட கதையாகப் போய்விட்டது.

அடுத்த வெள்ளிகளில் அந்த நிரை வரவில்லை. அந்த நிகழ்ச்சியே நின்றுவிட்டது என்று நானா பிறகு எழுதினார். ஆனால் அண்ணர் விடவில்லை. எங்கேயாவது ஒரு பற்றரி கேட்டு வாங்குவார், இல்லையென்று சொன்னவர்களிடமும் திரும்பப் போவார். அந்த நாளிலிருந்து இந்தியாப் படம் அந்தக் காணியில் ஓடவில்லை. கம்பம் கச்சானுக்குத் திரும்பவே இல்லை. படம் பார்க்க வந்த சனம் முதலில் கேட்டுப் பார்த்தது, பிறகு நக்கலடித்தது, பிறகு வராமல் விட்டது. தெருவில் போகும்போது, கம்பம் திருப்பினவர் போறார் என்று சொல்லுவார்கள். அவருக்குக் கேட்கும். செலின் மட்டும் ஒவ்வொரு வெள்ளியும் வந்து அந்தப் பாயில் இருப்பார். ஒன்றும் பேசமாட்டார். செய்தி முடிந்ததும் எழும்பிப் போவார். கார்த்திகையில் சேமக்காலைப் படலையில் அந்த மெழுகுதிரியோடு நிற்பார். ஒரே மெழுகுதிரிதான் என்று நினைக்கிறேன். அது வளைந்துபோய் இருந்தது.

போன வருசம் பெட்டி செத்துவிட்டது. திரையின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு வந்தது, பிறகு அதுவும் இல்லை. செலின் வருவது நின்றது. அண்ணர் நிறுத்தவில்லை. வெள்ளி பின்னேரம் ஆனால் கம்பத்தடிக்குப் போய்க் கயிறுகளை இறுக்கி, குறுக்குத்தடியை மறுபடி சோழகத்துக்கு நேராக வைத்து, அந்தச் செய்தி நேரம் முடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெட்டி செத்துப்போச்சே, பிறகேன் அண்ணை என்று ஒருநாள் கேட்டேன். "அனீபா நானா வந்தாப் பெட்டியைத் திருத்திப்போடுவார். அப்ப கம்பம் சரிஞ்சு கிடந்தா எனக்கு வெக்கமெல்லோ" என்றார். நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கடைசி வெள்ளி அவருக்குக் காய்ச்சல் தொடங்கியிருக்கவில்லை, அன்றும் நின்றார். அடுத்த வெள்ளி விடியப் போய்விட்டார்.

அடக்கம் சனிக்கிழமை. சவப்பெட்டி இறக்கி மண் போட்டு ஆட்கள் கலைந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். சேமக்காலைப் படலையில் செலின் நின்றார். இன்றைக்கும் சொல்லாவிட்டால் இனி எந்த நாளில் என்று கிட்டப் போனேன். பிள்ளை, அன்றைக்கு இன்னும் நாலு விரல் என்று சொன்னது நான், அண்ணரில் பிழையில்லை என்றேன்.

"தெரியும் அண்ணை" என்றார் செலின். "பெட்டிக்கு முன்னால இருந்தனான்தானே. உங்கட சத்தம் எனக்குக் கேக்காதே?"

ஏன் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அவர் கம்பத்தை விட்டிடுவார் எண்டு பயந்தனான். பழி இருந்தா அந்த மனுசன் விடமாட்டார். எனக்கு வேற ஆர் அண்ணை வெள்ளிக்கிழமையில கம்பம் பிடிக்கிறது?"

இரண்டு பேரும் தெரிந்துகொண்டே ஒரு மனிதனை அத்தனை வருசம் கம்பத்தடியில் நிற்க விட்டிருக்கிறோம். நான் பயத்தில் விட்டேன். செலின் நம்பிக்கையில் விட்டார். நின்றவருக்கு இரண்டும் ஒன்றுதான். அண்ணர் போகும்போது செலின் தன்னை மன்னிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

பிறகு செலின் என்னைக் கேட்டார். அதை இத்தனை வருசமும் அவர் என்னிடம் கேட்டதில்லை. "நீங்களும் வாசலில நிண்டு பாத்தனீங்கள். மூண்டாவதா நிண்டது அவரோ?"

நான் யோசித்துப் பார்த்தேன். சுவர் ஞாபகம் வந்தது. புள்ளிகள் ஞாபகம் வந்தது. படம் இழுபடுகிறது, இடப்பக்கம் மங்கல் என்று நினைத்தது ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை. "நான் படத்தைத்தான் பாத்தனான் பிள்ளை. ஆளைப் பாக்கேல்லை" என்றேன்.

செலின் தலையை ஆட்டினார். பிறகு சீலைக்குள்ளிருந்து அந்த வளைந்த மெழுகுதிரியை எடுத்தார். முதன்முதலாகப் படலையைத் தாண்டி உள்ளே போனார். நடுச் சிலுவைக்குப் போகவில்லை. மடுத்தீன் அண்ணரின் புது மண்ணில் அதைக் குத்திக் கொளுத்திவிட்டு வந்தார். "இவருக்குக் கொளுத்தலாம். இவர் செத்தது தெரியுந்தானே" என்றார்.

நேற்று வெள்ளிக்கிழமை. செய்தி நேரத்துக்கு அவருடைய கொட்டிலடிக்குப் போனேன். தட்டை வயர் பெட்டியிலிருந்து கழன்று வாசலில் தொங்கியது. நுனி இரண்டையும் விலக்கி, நடுவில் அந்த றப்பர்த் துண்டை வைத்துக் கட்டினேன். கம்பத்தடியில் குறுக்குத்தடி அவருடைய கை பட்ட இடத்தில் கறுத்து மினுங்கிக்கொண்டிருந்தது. நேரம் முடியும்வரை பக்கத்தில் நின்றேன்.

மடுத்தீன் அண்ணை, நீங்கள் யோசிக்காமல் போங்கோ. அனீபா நானா வந்தால் முதலில் தேத்தண்ணி கொடுத்து, பெட்டியை நான் ஒப்படைப்பேன். கம்பம் சோழகத்துக்குத்தான் நிற்கிறது. நான் கை வைக்கவில்லை.